சின்ன ஊரில் மகள் தனியாகிவிடுவாளா?

மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பிறை ஊரிலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். மகளுக்கு நியூசிலாந்தில், டுனீடின் நகரிலுள்ள ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில், ஹெல்த் சயன்ஸ் முதலாண்டில் இடம் கிடைத்திருக்கிறது. பிப்ரவரியில் கிளம்ப வேண்டும். ஆக்லாந்து, மெல்பர்ன் என்றால் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், கோயில் இருக்கிறது, நம் சாமான் கடை இருக்கிறது. இதுவோ சின்ன ஊர், குளிர் ஊர், நம் ஆட்கள் குறைவு. அனுப்பலாமா? முதல் மாதம் அவள் அம்மா கூடப் போய் இருக்கலாமா? இவைதான் கேள்விகள்.

ஐயா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். பல்கலைக்கழகம் நல்லதா என்று நீங்கள் எங்கேயும் கேட்கவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யார் கதவைத் தட்டுவார்கள், மனசு சரியில்லை என்றால் யாருக்குத் தெரியும் என்பதுதான் உங்கள் கவலை. அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். படிப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் 1994இல் பட்டர்வொர்த்திலிருந்து அதே ஊருக்குப் போய் நுண்ணுயிரியல் படித்தவள். திரும்பி வந்தபின் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஜோர்ஜ் டவுனில், வெளிநாடு போகும் மாணவர்களுக்கு வழிகாட்டும் வேலையில் இருக்கிறேன். பெரிய ஊர்களுக்கும் அனுப்பியிருக்கிறேன், டுனீடின் மாதிரி சின்ன ஊர்களுக்கும் அனுப்பியிருக்கிறேன். அதனால் என் அனுபவத்தில் கண்டது, சட்டத்தில் எழுதியிருப்பது, யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாதது என்று மூன்றையும் பிரித்தே சொல்கிறேன்.

ஊரைப் பற்றி முதலில். டுனீடினில் ஏறத்தாழ 130,000 பேர் இருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் சுமார் 20,000 மாணவர்கள். ஆக, ஆறேழு பேரில் ஒருவர் மாணவர். பெரும்பாலான மாணவர்கள் வேறு ஊரிலிருந்து வந்தவர்கள். இதுதான் உங்கள் மகளுக்குப் பெரிய அனுகூலம். ஆக்லாந்தில் உள்ளூர்ப் பிள்ளைகள் பலர் வகுப்பு முடிந்ததும் பஸ் ஏறித் தங்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். டுனீடினில் அந்த நாட்டுப் பிள்ளைகளே வீட்டை விட்டு வந்தவர்கள்தான். எல்லாருமே புதிதாக ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள். பினாங்கிலுள்ள நம் யூ.எஸ்.எம்., அதாவது மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், 1969இல் தொடங்கியது. ஒட்டாகோ அதற்குச் சரியாக நூறு ஆண்டு முன்னால், 1869இல் நிறுவப்பட்டது. ஊரே அந்தப் பல்கலைக்கழகத்தைச் சுற்றித்தான் மூச்சு விடுகிறது. மலாயாப் பிள்ளைகளும் அந்த நாட்டுக்குப் புதியவர்கள் அல்ல. 1950களில் கொழும்புத் திட்டம் என்ற பன்னாட்டு உதவித் திட்டத்தின் கீழ் நியூசிலாந்து போய்ப் படித்து வந்தவர்கள் நம் நாட்டில் மருத்துவர்களாகவும் பொறியாளர்களாகவும் வேலை பார்த்திருக்கிறார்கள்.

முதல் ஆண்டைப் பற்றி நீங்கள் அதிகம் பயப்பட வேண்டாம். அங்கே முதலாண்டு மாணவர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழகத்தின் விடுதிகளில்தான் இருப்பார்கள். அவர்கள் அதைக் காலேஜ் என்பார்கள். அரானா, கேரிங்டன், ஸ்டடோம், யுனிவர்சிட்டி காலேஜ் என்று பல இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் தனி அறை, மூன்று வேளைச் சாப்பாடு, கணப்பு, துணி துவைக்கும் இடம் எல்லாம் உண்டு. ஒவ்வொரு மாடிக்கும் பொறுப்பாக ஒரு மூத்த மாணவர் இருப்பார். முதல் ஆண்டு ஜூன் மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தது. யாரிடமும் சொல்லாமல் படுத்துவிட்டேன். இரண்டு இரவு சாப்பாட்டுக்குப் போகவில்லை. பரிமாறும் இடத்தில் நிற்கும் அம்மாவுக்கு என்னைப் பேர் சொல்லித் தெரியாது, 'சோறு கேட்கிற பொண்ணு' என்று தெரியும். மூன்றாம் நாள் காலையில் அவர் சொல்லி, மாடிப் பொறுப்பாளர் கதவைத் தட்டினார். கையில் சூப்பும் இரண்டு பனடோல் மாத்திரையும் இருந்தன. சின்ன ஊர், சின்ன விடுதி என்பதன் பலன் இதுதான். ஒரு நாற்காலி காலியாக இருந்தால் யாராவது கவனிப்பார்கள்.

நான் பயப்படச் சொல்வது இரண்டாம் ஆண்டைப் பற்றி. இதைத் தூதரகக் கல்விக் கண்காட்சியிலும் சொல்ல மாட்டார்கள், ஏஜென்டும் சொல்ல மாட்டார். அங்கே இரண்டாம் ஆண்டு தொடங்கும்போது விடுதியை விட்டு வெளியே வந்து, நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வீடு வாடகைக்கு எடுப்பது வழக்கம். அதை ஃபிளாட் என்பார்கள். நம் ஊர் அடுக்குமாடி இல்லை, பழைய தனி வீடு. அந்த வீட்டுக்கான ஒப்பந்தம் பெரும்பாலும் ஜனவரி முதல் டிசம்பர் வரை ஒரு முழு ஆண்டுக்கு. அடுத்த ஆண்டு வீட்டை முந்தைய ஆண்டு நடுவிலேயே பிடிக்கத் தொடங்கிவிடுவார்கள். அதாவது உங்கள் மகள் பிப்ரவரியில் போய் இறங்கினால், ஜூன், ஜூலை, ஆகஸ்ட்டுக்குள் அடுத்த ஆண்டு யாருடன் குடியிருப்பது என்று முடிவு செய்தாக வேண்டும். அறிமுகமாகி நாலு மாதம்தான் ஆகியிருக்கும். கூச்சமான பிள்ளைகள், 'அவர்களே கூப்பிடட்டும்' என்று காத்திருக்கும் பிள்ளைகள், இந்த இடத்தில்தான் கழன்றுபோகிறார்கள். நம் பெண்பிள்ளைகள் பலருக்கு இந்தச் சுபாவம் உண்டு. நானும் அப்படித்தான் காத்திருந்தேன்.

கடைசியில் ஆளில்லாத அறை ஒன்று இருந்த ஒரு வீட்டில் போய்ச் சேர்ந்தேன். நல்ல பிள்ளைகள்தான், ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் நாலு பேரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள், வார இறுதியானால் ஒரே காரில் ஊருக்குப் போய்விடுவார்கள். அந்த வீட்டுக் குளிரை இன்றும் மறக்கவில்லை. காலையில் எழுந்தால் ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் முழுக்கத் தண்ணீர் வழிந்து நிற்கும். பழைய துண்டால் துடைத்து, துண்டை வாளியில் பிழிந்துவிட்டுத்தான் பல் துலக்குவது. துடைக்காவிட்டால் திரைச்சீலையில் கரும்பூஞ்சை படரும். ஜூன் மாதம் அங்கே சூரியன் காலை எட்டேகாலுக்கு மேல்தான் எழும், மாலை ஐந்து மணிக்கெல்லாம் மறைந்துவிடும். ஜூலையில் பகல் வெப்பம் 10 பாகையை ஒட்டி நிற்கும், இரவில் மூன்றுக்கு இறங்கும். நம் கேமரன் மலைக் குளிரைப் பார்த்தவர்கள்தானே என்று தோன்றும். வித்தியாசம் என்னவென்றால், கேமரன் மலைக்கு நாம் மூன்று நாள் போகிறோம், அங்கே மூன்று மாதம் இருக்க வேண்டும். வீட்டுப் பிள்ளைகள் ஊருக்குப் போயிருந்த ஒரு வார இறுதி, லீவு சேர்ந்து நாலு நாள். ஐந்தாம் நாள் கடையில் பால் வாங்கப் போனேன். கடைக்காரர் எப்படி இருக்கிறாய் என்று கேட்டார். பதில் சொல்ல வாய் திறந்தால் குரல் வரவில்லை. நாலு நாளாக ஒரு வார்த்தைகூட நான் பேசவில்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

இதை உங்களைப் பயமுறுத்த எழுதவில்லை. அந்த ஆண்டும் தேறினேன், அந்த ஊரை இப்போதும் நேசிக்கிறேன். தனிமை வந்தது ஊர் சின்னது என்பதாலோ தமிழர் குறைவு என்பதாலோ இல்லை. ஜூலை மாதம் எடுத்திருக்க வேண்டிய ஒரு முடிவை நான் எடுக்காமல் விட்டதால் வந்தது. என் மாணவர்களிடமும் இதையேதான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஆகவே உங்கள் மகளிடம் கிளம்பும் முன்பே சொல்லிவையுங்கள். மே மாதத்திற்குள் மூன்று பேரிடமாவது, 'அடுத்த வருஷம் நாம் சேர்ந்து வீடு பார்ப்போமா' என்று அவளே கேட்க வேண்டும். பாட்மிண்டன் சங்கமோ, மலேசிய மாணவர் கூட்டமோ, விடுதி சமையல் குழுவோ, ஏதாவது ஒன்றில் வாரம் தவறாமல் போக வேண்டும். பத்துச் சங்கத்தில் பேர் கொடுப்பதைவிட ஒன்றில் தொடர்ந்து முகம் காட்டுவது நல்லது. வீடு பார்க்க மனமில்லை என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. பல்கலைக்கழகமே நடத்தும் வீடுகள் உண்டு, விடுதியில் இரண்டாம் ஆண்டும் தங்க விண்ணப்பிக்கலாம். இடம் கொஞ்சம்தான், அதற்கும் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் சட்டப்படி உறுதியானவை சில இருக்கின்றன. முன்பணம் நாலு வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, அதுவும் அரசாங்கத்தின் வாடகைச் சேவையில் கட்டப்பட வேண்டும். வாடகை வீட்டின் முக்கியக் கூடத்தை 18 பாகை வரை சூடாக்கக்கூடிய ஹீட்டர் பொருத்தியிருக்க வேண்டும். 2025 ஜூலை 1 முதல் தனியார் வாடகை வீடுகள் எல்லாவற்றுக்கும் இந்த விதி வந்துவிட்டது. என் காலத்தில் இது இல்லை. ஆனால் கூடத்துக்குத்தான் விதி, படுக்கையறைக்கு இல்லை. அதனால் வெயில் விழும் பக்கத்து அறையைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அங்கே அது வடக்குப் பக்கம், ஏனென்றால் பூமியின் தென்பாதியில் சூரியன் வடக்கே சாய்ந்துதான் போகும். இன்னொன்று, எல்லாரும் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால், ஒருவர் பாதியில் போனாலும் அவருடைய வாடகை மற்றவர் தலையில் விழும். ஒரு ஆண்டு ஒப்பந்தத்தைச் சும்மா நோட்டீஸ் கொடுத்து முறிக்கவும் முடியாது. என்னிடம் வந்த பெற்றோரில் இதைத் தெரியாமல் பணம் கட்டியவர்கள் உண்டு.

இனி நீங்கள் கேட்காத விஷயம். மகளுக்கு 'மருத்துவத்தில் இடம்' என்று ஏஜென்ட் சொன்னதாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். ஐயா, அது சரியில்லை. ஹெல்த் சயன்ஸ் முதலாண்டு என்பது மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல், பிசியோதெரபி, மருத்துவ ஆய்வக அறிவியல் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு வாசல். அதில் சேர்ந்த எல்லாருக்கும் உள்ளே இடம் கிடையாது. வேதியியல், உயிர்வேதியியல், செல் உயிரியல், உடற்கூறும் உடலியங்கியலும் (இது இரண்டு பாடம்), இயற்பியல், பொது சுகாதாரம் என்று ஏழு முக்கியப் பாடங்கள். ஆண்டு முடிவில் முக்கியமாக அந்த மதிப்பெண்களை வைத்துத்தான் போட்டி. வெளிநாட்டு மாணவர்களுக்கு மருத்துவத்தில் ஒதுக்கப்படும் இடங்கள் மிகக் குறைவு, கட்டணமும் முதலாண்டுக் கட்டணத்தைவிட மிகவும் அதிகம். இடம் கிடைக்காதவர்கள் பயோமெடிக்கல் சயன்ஸ் போன்ற பட்டத்துக்கு மாறலாம், அதுவும் நல்ல படிப்புதான். ஆனால் 'டாக்டர் ஆகத்தான் போகிறாள்' என்று ஊரெல்லாம் சொல்லி அனுப்பிவிட்டால், அந்தப் பாரம் முழுக்க அந்தப் பிள்ளையின் முதல் ஆண்டில் உட்கார்ந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒரு பையன் இடம் கிடைக்காததை வீட்டில் நாலு மாதம் சொல்லவில்லை. நீங்கள் இப்போதே அவளிடம், 'மருத்துவம் கிடைக்காவிட்டால் எது படிக்க ஆசை' என்று கேட்டு, அந்தப் பதிலையும் மனதார ஏற்றுக்கொள்ளுங்கள். திரும்பி வந்து இங்கே தொழில் செய்ய வேண்டும் என்றால், மருத்துவத்துக்கு மலேசிய மருத்துவ மன்றம், பல் மருத்துவத்துக்கு அதற்கான மன்றம், மருந்தியலுக்கு மருந்தக வாரியம் என்று அவரவர் அங்கீகரித்த பட்டியல் இருக்கிறது. யார் வாய்மொழியையும் நம்பாமல் அந்தப் பட்டியலையே பாருங்கள்.

பணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விசாவுக்குப் படிப்புக் கட்டணம் போக, ஓராண்டுச் செலவுக்கு 20,000 நியூசிலாந்து டாலர் இருப்பதைக் காட்ட வேண்டும். ஒரு டாலர் ஏறத்தாழ இரண்டரை ரிங்கிட் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், ஏற்ற இறக்கத்துக்கு மேலே பத்து விழுக்காடு ஒதுக்குங்கள். பி.டி.பி.டி.என். எனப்படும் அரசாங்க உயர்கல்விக் கடன் வெளிநாட்டுப் படிப்புக்கு உதவாது. உங்கள் ஊழியர் சேமநிதியின் செஜாத்ரா (Sejahtera) கணக்கிலிருந்து பிள்ளையின் உயர்கல்விக்கு எடுக்கலாம், பல பெற்றோர் அந்தக் கணக்கை மறந்தே போகிறார்கள். பகுதிநேர வேலையை மட்டும் நம்பி வரவு செலவு போடாதீர்கள். மாணவர் விசாவில் படிப்புக் காலத்தில் வாரம் 25 மணி நேரம் வேலை செய்ய அனுமதி உண்டு, 2025 நவம்பர் வரை அது 20 ஆக இருந்தது. ஆனால் அனுமதி இருப்பது வேறு, வேலை கிடைப்பது வேறு. சின்ன ஊரின் குறை இங்கேதான் தெரியும். கடைகள் குறைவு, கேட்கும் மாணவர்கள் அதிகம். ஹெல்த் சயன்ஸ் முதலாண்டில் வேலைக்கு நேரமும் இருக்காது.

உடல்நலம், பாதுகாப்பு இரண்டிலும் எனக்கு நம்பிக்கை உண்டு. மருத்துவக் காப்பீடு கட்டாயம். விபத்தில் அடிபட்டால் அந்த நாட்டு விபத்து இழப்பீட்டுத் திட்டம் வெளிநாட்டவருக்கும் சிகிச்சைச் செலவில் உதவும். பல்கலைக்கழகத்தின் சொந்தக் காவல் குழு, கேம்பஸ் வாட்ச் என்று பெயர், இரவு பகலாகச் சுற்றி வருகிறது. இரவு நூலகத்திலிருந்து தனியாக நடக்கத் தயக்கமாக இருந்தால் அவர்களைக் கூப்பிடலாம். மாணவர் தெருக்களில் சனிக்கிழமை இரவு குடியும் கூச்சலும் இருக்கும், அதை மறைக்கப் போவதில்லை. காசல் தெரு பக்கம் வீடு எடுக்காமல் இரண்டு தெரு தள்ளி எடுத்தால் பெரும்பாலும் தூக்கம் கெடாது.

சாப்பாடு, பண்டிகை. மசாலாத்தூள், பருப்பு கொண்டுபோகலாம், ஆனால் அந்த நாட்டுக்குள் நுழையும் பயணிகள் நிரப்பும் படிவத்தில் எல்லா உணவுப்பொருளையும் அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் பிடிபட்டால் அந்த இடத்திலேயே 400 டாலர் அபராதம். பச்சைக் கறிவேப்பிலையைப் பையில் வைக்கவே வேண்டாம், அம்மாக்கள் இதைத்தான் துணிக்குள் சுருட்டி வைத்துவிடுகிறார்கள். விடுதியில் சமைக்க வேண்டியதில்லை. ஃபிளாட்டுக்குப் போனதும் தோசை மாவு புளிக்காது, அதற்கு ஒரு வழி இருக்கிறது. அங்கே பழைய வீடுகளில் வெந்நீர்த் தொட்டி ஒரு அலமாரிக்குள் இருக்கும், துண்டு காய வைப்பார்கள். மாவுப் பாத்திரத்தைத் துணி சுற்றி இரவு அங்கே வைத்தால் காலையில் பொங்கி மூடியைத் தூக்கியிருக்கும். மாவு பொங்கிய முதல் நாள் காலையில் ஃபிளாட்டில் ஐந்து பேரும் சேர்ந்து நின்று தோசை சாப்பிட்டோம். நாங்கள் ஒரே வீட்டு ஆட்கள் ஆனது அன்றைக்குத்தான்.

தைப்பூசத்தைப் பற்றி நீங்கள் வருத்தப்பட்டிருந்தீர்கள். அங்கே கல்வியாண்டு பிப்ரவரி கடைசியில் தொடங்குகிறது, நவம்பரில் முடிகிறது. நீண்ட விடுமுறை அந்த இடைவெளியில்தான் வரும். பொங்கலுக்கும் தைப்பூசத்துக்கும் அவள் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் உங்கள் பக்கத்தில் நிற்கலாம், இந்த முறையும் பூசம் முடிந்தபின் கிளம்பலாம். தவறிப்போவது தீபாவளி. அக்டோபரிலும் நவம்பர் தொடக்கத்திலும் அவர்களுக்கு ஆண்டுத் தேர்வு நடக்கும். அன்றைக்கு நீங்கள் இங்கே காலை ஏழு மணிக்கு அழைத்தால் அங்கே பகல் பன்னிரண்டு. கோடைக் கணக்கில் ஐந்து மணி நேரம் முன்னால், குளிர்காலத்தில் நாலு மணி நேரம்.

அவள் போனால் நிலைத்து நிற்பாளா என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியாது, யாராலும் முடியாது. துடிப்பான பிள்ளைகள் ஏப்ரலில் அழுததையும் பார்த்திருக்கிறேன், வாயே திறக்காத பிள்ளைகள் இரண்டாம் ஆண்டில் மலேசியச் சங்கத்துக்குத் தலைமை ஏற்றதையும் பார்த்திருக்கிறேன். என்னைக் கேட்டால், அனுப்புங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் அவளுக்கே போக ஆசை இருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அவள் என்ன சொல்கிறாள் என்பது ஒரு இடத்திலும் இல்லை.

கடைசிக் கேள்வி, அம்மா முதல் மாதம் கூடப் போகலாமா. பிப்ரவரியில் வேண்டாம். முதல் வாரத்தில்தான் விடுதியில் எல்லாரும் ஒருவரை ஒருவர் பழகிக்கொள்வார்கள். அம்மா பக்கத்து ஹோட்டலில் இருந்தால் பிள்ளை சாயந்திரமானதும் அங்கே போய்விடும். அந்த டிக்கெட் பணத்தை எடுத்துவைத்து, ஜூன் கடைசியில் போகச் சொல்லுங்கள். முதல் பருவத் தேர்வு முடிந்து இரண்டு மூன்று வாரம் விடுமுறை இருக்கும், குளிர் உச்சத்தில் இருக்கும், வீடு தேடும் பேச்சும் அப்போதுதான் சூடு பிடித்திருக்கும். கோலாலம்பூரிலிருந்து ஆக்லாந்து பத்துப் பதினோரு மணி நேரம், அங்கிருந்து டுனீடினுக்கு இரண்டு மணி நேரத்துக்குள். விமான நிலையம் ஊரிலிருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, வண்டிக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும். அவள் யாருடன் வீடு எடுக்க நினைக்கிறாளோ அந்தப் பிள்ளைகளை அம்மா ஒரு நாள் சாப்பிட அழைத்துப் பார்க்கட்டும். வீட்டையும் போய்ப் பார்க்கட்டும். போனதும் படுக்கையறைச் சுவரில் கையை வைத்து, ஈரமாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.